இலவசமாகத் தந்த பால்பொடி டப்பா: புதிய தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், அவளுடைய எடை 3.1 கிலோவிலிருந்து 2.9 கிலோவாக இறங்கியிருப்பதைக் காட்டி, எனக்குப் பால் போதவில்லை என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். குழந்தை மார்பை எப்படிக் கவ்வுகிறாள் என்று ஒருவரும் அருகில் வந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது பால்பொடி டப்பா ஒன்றை இலவசமாகத் தந்து, தாய்ப்பால் கொடுத்தபின் ஒவ்வொரு முறையும் புட்டியிலும் கொடுக்கச் சொன்னார்கள்.

முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது இயல்பே என்றும், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் அதை மீட்டுவிடும் என்றும் பிறகுதான் அறிந்தேன். என் மகள் இழந்தது அதற்கும் குறைவு. குழந்தை உறிஞ்சி மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். புட்டியால் வயிறு நிறைந்தவள் மார்பை நாடாததால், மூன்றே வாரங்களில் எனக்குப் பால் உண்மையாகவே குறைந்துபோனது. அதற்குள் டப்பாவும் தீர்ந்து, அடுத்ததை விலைகொடுத்து வாங்கினோம்.

பொடியைக் கரைக்கும் முறையைக்கூட அவர்கள் சொல்லித் தரவில்லை. நீர்க்க இருந்தால் எளிதில் செரிக்கும் என்று நம்பிக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் ஊட்டம் குறைவதோடு, இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்புகூட வரலாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னபோது என் கை நடுங்கியது.

தாய்மார்களுக்கு இத்தகைய மாதிரிகளை இலவசமாகத் தரக்கூடாது என்று உலக சுகாதார சபை 1981-இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. என்னிடம் டப்பாவை நீட்டியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த மருத்துவரிடமிருந்த செவிலியர்தான் முதன்முறையாக ஒரு முழுப் பாலூட்டலையும் உடனிருந்து பார்த்தார். குழந்தை காம்பை மட்டுமே பற்றியிருந்தாள். வாயை அகலத் திறக்கவைத்து, தாடை மார்பில் பதியுமாறு அவர் அணைத்துப் பிடித்ததும், விழுங்கும் ஓசை தெளிவாகக் கேட்டது.

பால்பொடி தேவைப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டப்பாவைத் திறக்குமுன், ஒரு முறையாவது உடனிருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, பாலுக்கு எழாமல் சோர்ந்து உறங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.