எட்டு ஆண்டுகளாக ஒரே மின்தாள் வாசிப்பான்

2017-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய ஆறு அங்குல மின்தாள் வாசிப்பானை, அதாவது மின்னூல் படிக்கும் கருவியை, இன்றும் நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இதற்கிடையில் மூன்று திறன்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் என் கையை விட்டுப் போய்விட்டன. புதிய கருவி எது வந்தாலும் அதன் விவரக்குறிப்பை முதல் நாளே படித்துவிடும் பழக்கம் உள்ளவன் நான். அப்படியிருந்தும் இந்த ஒன்றை மாற்றத் தோன்றவில்லை. அதற்கான காரணங்களையும், இந்தக் காலத்தில் அது எங்கெங்கே என்னைச் சிரமப்படுத்தியது என்பதையும் விரிவாகப் பதிவு செய்கிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் திரையின் கூர்மையையும் கருவியின் எடையையும் சரியாகவே சொல்கின்றன. ஆனால் ஐந்தாம் ஆண்டில் சார்ஜ் துளை தளரும்போது என்ன செய்வது என்பதற்கு அவற்றில் பதில் இருக்க வழியில்லை.

நான் பெரும்பாலும் படிப்பது மிகுபுனைவு, அதாவது கற்பனை உலகங்களில் நடக்கும் ஃபேன்டஸி கதைகள். ஒரு தொடர் என்றால் ஐந்தாறு பாகங்கள், பாகத்துக்கு எண்ணூறு பக்கங்களுக்குக் குறையாது; முன்னால் ஒரு வரைபடம், பின்னால் அரச மரபுகளின் பட்டியல், அந்த உலகத்துக்கே உரிய சொற்களுக்கு ஓர் அகராதி. சாதாரண நாவலைப் படிப்பவர் பக்கத்தை முன்னோக்கித் திருப்பினால் போதும். மிகுபுனைவு படிப்பவரோ, நானூறு பக்கங்களுக்கு முன் ஒரே ஒருமுறை வந்துபோன தளபதி யார் என்று தேடிப் போய், வரைபடத்தில் அவனுடைய கோட்டையைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு வாசிப்பானின் வலிமையும் பலவீனமும் இந்தப் போக்குவரத்தில்தான் தெரியவரும்.

திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மின்தாள் என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் உருவாகி, 1997-இல் தொடங்கப்பட்ட இ இங்க் நிறுவனத்தின் வழியாகப் பரவிய தொழில்நுட்பம். அதைக் கொண்டு வெளிவந்த முதல் வணிக வாசிப்பான் 2004-இல் ஜப்பானில் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லிப்ரியே. தலைமயிரின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்களுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தின் திசையைப் பொறுத்து ஏதேனும் ஒரு நிறம் மேலே வருகிறது. மேலே வந்த துகள் அங்கேயே தங்கிவிடுவதால், பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படும். என் கருவியில் அகலவாட்டில் 1072, உயரவாட்டில் 1448 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்கு 300. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் எழுத்தின் கருமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. முந்தைய பக்கத்தின் மங்கலான சாயல் அடுத்த பக்கத்தில் தங்குவது முதல் நாளிலிருந்தே உண்டு. ஆறு பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுவதையும் புதுப்பிக்கும்படி அமைத்த பிறகு அது கண்ணை உறுத்தவில்லை. விளிம்பிலுள்ள எல்.இ.டி. விளக்குகளின் ஒளி திரையின் மேல் பரவுகிறதே தவிரக் கண்ணை நோக்கிப் பாய்வதில்லை. இரவில் இரண்டு மணி நேரம் படிக்கிற எனக்கு இது பெரிய ஆறுதல்.

எனக்கு உண்மையான தொல்லை கொடுத்தது தமிழ். கருவியோடு வந்த மென்பொருளில் ஆங்கில நூல்கள் குறையில்லாமல் தெரிந்தன. தமிழ் நூலைத் திறந்தால், நான் சேர்த்த எழுத்துருவில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு தனியாக நின்றது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. அதைத் திரையில் வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டியது எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. அந்த வேலை அங்கே நடக்கவில்லை. தமிழ்க் குறியீடுகள் 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றவை என்பதை நினைக்கும்போது, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு கருவியில் இப்படி நிகழ்ந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. இரண்டு மென்பொருள் மேம்படுத்தல்கள் வந்தும் நிலைமை மாறவில்லை.

பிறகு கோரீடர் என்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருளை நிறுவினேன். என் கருவியை அன்று காப்பாற்றியது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதன் அண்மைப் பதிப்புகள் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. கொம்பும் காலும் உரிய இடத்தில் வந்து அமர்ந்தன. வரி இடைவெளி, ஓரம், எழுத்தின் தடிமன் ஆகிய அனைத்தையும் நூலுக்கு நூல் தனித்தனியாக அமைக்க முடிந்தது. தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரே சொல் ஆறு அங்குலத் திரையில் ஏறக்குறைய முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். இரு ஓரங்களையும் சமன் செய்தால் அடுத்த வரியில் சொற்களுக்கிடையே ஆற்றுப்படுகை போல வெள்ளை இடம் விழும். ஆகவே தமிழ் நூல்களுக்கு இடப்பக்கச் சீர்மையை மட்டும் வைத்து, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைச் சற்றே தடிமனாக்கிப் படிக்கிறேன். மின்தாளில் மெல்லிய கோடுகள் வெளிறிப்போகும்; கணினியில் அழகாகத் தெரியும் எழுத்துரு இங்கேயும் அழகாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

தேடல் தனிக் கதை. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். இரண்டும் சமமானவை என்பது தரத்தின் விதி. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த விதியைப் பின்பற்றாத தேடல், இரண்டில் ஒன்றை மட்டும் கண்டுபிடித்து மற்றதை விட்டுவிடும். பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்தக் கலப்பு நிறைய உண்டு. ஔகாரம் இன்னும் மோசம். ‘வௌவால்’ என்பதில் இருக்க வேண்டிய குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள் ஏராளம். நான் படித்த ஒரு கதையில் வௌவால் முத்திரை பொறித்த படை ஒன்று முக்கியமானது. அந்தச் சொல்லைத் தேடினால் நூலில் ஓரிடத்திலும் இல்லை என்றது கருவி. கேலிபர் மென்பொருளின் நூல் திருத்தியில் கோப்பைத் திறந்து மொத்தமாக மாற்றிவிடலாம் என்று தொடங்கி, நல்லவேளையாக முன்னோட்டத்தைப் பார்த்தேன்: ‘வெளிச்சம்’, ‘வெள்ளி’, ‘வெள்ளம்’ எல்லாம் அந்த வலையில் விழுந்திருந்தன. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பிடிக்குமாறு தேடல் கோவையை எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்றினேன். ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவானது. அதன்பிறகு அந்தத் தொடரின் மற்ற பாகங்களுக்கும் அதே கோவை உதவியது.

பொதுவாகத் தமிழில் தேடும்போது சொல்லின் வேர் மாறாத பகுதியை மட்டும் கொடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்திலிருந்து’ கிடைக்காது. ‘மர’ என்று தேடினால் கிடைக்கும், கூடவே ‘மரபு’, ‘மரணம்’ ஆகியவையும் வரும். அகராதியிலும் இதே சிக்கல்தான். ஸ்டார்டிக்ட் வடிவத்தில் தமிழ் அகராதி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பெயர்ச்சொல் வேற்றுமை உருபோடு நின்றால் அது கைவிரிக்கும், உருபை நாமே வெட்டிக் கொடுத்தால் பொருள் தரும். வேற்றுமை உருபுகளைக் கழித்துத் தேடும் ஓர் எளிய கூடுதல் நிரலை யாராவது செம்மையாக எழுதித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இத்தனை திருத்தங்களும் சாத்தியமானதற்கு நூல்கள் திறந்த கோப்புகளாக என்னிடம் இருந்ததே காரணம். ஈபப் என்னும் மின்னூல் வடிவம், உள்ளே இணையப் பக்கங்களைப் போன்ற எக்ஸ்.எச்.டி.எம்.எல். பக்கங்களும் சி.எஸ்.எஸ். நடைக்கோப்பும் கொண்ட ஒரு ஜிப் பொதி. திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் அதைச் செப்பனிடலாம். 2006-இல் கோவித் கோயல் தொடங்கிய கேலிபர், வடிவம் மாற்றுவதற்கும் நூல்களை வரிசைப்படுத்துவதற்கும் எனக்கு அன்றாடத் துணை. விற்பவர் நகலெடுக்கவோ திருத்தவோ முடியாதபடி பூட்டிய (டி.ஆர்.எம்.) கோப்பில் இவற்றில் எதையும் செய்ய இயலாது. பூட்டிய நூல் விற்பவரின் சேவை நடக்கும்வரைதான் வாழும் என்பதற்கும் சான்று உண்டு: 2019 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் சேவையை மூடியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, வாங்கப்பட்ட நூல்களோ அதற்குமேல் திறக்கவில்லை. பணம் திரும்பியது நேர்மையான செயல்தான். ஆனால் வாசகருக்கு வேண்டியது அவர் வாங்கிய நூல். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகங்களைத் தேடி வாங்குவதையும், பதிப்புரிமை முடிந்த பழைய தமிழ் நூல்களை மதுரைத் திட்டம் என்னும் இலவச மின்னூல் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்வதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வரைபடங்களுக்கு வருகிறேன். மிகுபுனைவு வாசகருக்கு வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கருவிகளை வடிவமைப்பவர்கள் இன்னும் உணரவில்லை என்றே நினைக்கிறேன். வண்ணத்தில் வரைந்த வரைபடம் பதினாறு சாம்பல் படிகளுக்குச் சுருங்கும்போது, நீல ஆறும் பழுப்பு மலைத்தொடரும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. ஊர்ப்பெயர்களைப் படிக்க முடிவதில்லை. பெரிதாக்கி நகர்த்தினால் திரை ஒவ்வொரு நகர்வுக்கும் தடுமாறுகிறது. ஆகவே ஒரு தொடரைத் தொடங்கும் முன் அதன் வரைபடத்தைக் கணினியில் எடுத்து, ஆறுகளைக் கருமையாக்கி, நிலத்தை வெளுப்பாக்கி, நான்காக வெட்டி, திரையின் அளவுக்கே சேமித்துக்கொள்கிறேன். கதை நடக்கும் பகுதியின் துண்டை உறக்கத் திரையாக வைத்துவிடுவேன். கருவியை மூடிவைத்தாலும் படம் திரையில் இருக்கும் அல்லவா? கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு வரைபடம் கிடக்கும். இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பழக்கம் இது.

பழுதுகள் இரண்டு. ஐந்தாம் ஆண்டில் மைக்ரோ யு.எஸ்.பி. துளை தளர்ந்து, கம்பியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை வந்தது. துளைக்குள் அடைந்திருந்த தூசியை மரக்குச்சியால் எடுத்ததில் பாதி சரியாயிற்று. ஒரு காந்த முனையை நிரந்தரமாகச் செருகிவிட்டதில் மீதியும் சரியாயிற்று. ஏழாம் ஆண்டில் பேட்டரி ஓய்ந்தது. தொடக்கத்தில் மூன்று வாரம் தாங்கியது ஐந்து நாளுக்கு இறங்கி, பிறகு விளக்கைப் போட்டால் ஒரே இரவில் தீர்ந்தது. தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்குப் பேட்டரி மாற்றித் தருவதில்லை என்று பதில் எழுதியது. பொருந்தும் பேட்டரியைத் தேடி வாங்கி, பிளாஸ்டிக் தகடு கொண்டு பின்மூடியை விளிம்பு விளிம்பாக நெம்பித் திறந்தேன். பழைய பேட்டரியின் இணைப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கருவியைத் திருப்பினால், ஒரு துளி மின்சாரமும் இல்லாத அந்தத் திரையில், நான் படித்துக்கொண்டிருந்த தொடரின் வடக்கு எல்லை வரைபடம், மலைக்கணவாயின் பெயர் உட்பட, அப்படியே இருந்தது. துகள்கள் தங்கிவிடும் என்று பலமுறை படித்திருக்கிறேன். பேட்டரியே இல்லாத கருவியில் அதைக் கண்ணால் கண்டபோது சில நிமிடங்கள் வேலையைத் தொடரவே மனம் வரவில்லை.

பி.டி.எஃப். கோப்புகளுக்கு இந்தத் திரை போதாது. ஏ4 அளவுப் பக்கத்தைச் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். படக்கதைகளுக்கும் அப்படியே. உள்ளமைந்த இணைய உலாவியை இரண்டு முறைக்குமேல் திறந்ததில்லை. குறிப்பு எழுதத் திரை விசைப்பலகையில் தட்டுவது மெதுவான வேலை என்பதால், வரிகளை அடிக்கோடிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது வாங்குபவர் யு.எஸ்.பி. சி துளையும், திருகாணியால் திறக்கக்கூடிய பின்மூடியும், வேறு வாசிப்பு மென்பொருளை நிறுவும் வசதியும் உள்ள மாதிரியைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நினைவகமும் வேகமும் இவற்றுக்குப் பிறகு பார்த்தால் போதும். வரைபடத்துக்காக வண்ண மின்தாளையும் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். கெலைடோ 3 என்னும் அந்த வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தாலும் வண்ணத்துக்கு 150 மட்டுமே. வண்ண வடிகட்டி மேலே படிந்திருப்பதால் தாளின் வெண்மை குறைந்து, பகலிலும் விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. ஆறு நீலமாகத் தெரிந்தது மகிழ்ச்சிதான். ஆயினும் ஆயிரம் பக்கத்தில் வரைபடம் இரண்டு பக்கம், எழுத்து மற்ற எல்லாப் பக்கமும். இரவல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய வாசிப்பானில் அடுத்த பாகத்தின் வரைபடத்தை வெட்டி ஏற்றத் தொடங்கினேன்.