ரீல்ஸ், ஃபேஸ்புக், வாட்ஸ்அப்: லயத்து ஃபோனுக்கு எந்தக் கெம்பஸ் வந்து சேருகிறது?

ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சை முடிந்த அந்த வாரமே அக்கா மகளின் ஃபோனில் கெம்பஸ்கள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டன. நுவரெலியா மாவட்டத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டம். லயத்துக்குள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், கவரேஜ் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அங்கே நின்று ஒரு கால்மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கோட் போட்ட பிள்ளைகள், கண்ணாடிக் கட்டடம், மேலே பறக்கிற பட்டமளிப்புத் தொப்பி. எல்லாம் தனியார். அரச பல்கலைக்கழகம் ஒன்றுகூட வரவில்லை.

"அதெல்லாம் நம்மள தேடி வராது மாமா" என்றாள்.

பாதி சரிதான். அரச கெம்பஸுக்கு ஆள் பிடிக்கும் வேலையே இல்லை. பிள்ளைகள் விருப்ப வரிசை போட்டு விண்ணப்பிக்க, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏஎல் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியைப் பார்த்துப் பிரித்து அனுப்பிவிடும். பேராதனை ஒரு ரீல்ஸ்கூடப் போடாவிட்டாலும் இடம் நிரம்பும். அதனால் அரச பக்கங்களில் விழாவும் விளையாட்டுப் போட்டியும்தான் அதிகம். ஏஎல் எழுதிய பிள்ளையைப் பார்த்து "இங்கே வா, இது இருக்கு" என்று கூப்பிடும் குரல் குறைவு. தனியாருக்கோ சேருகிற ஒவ்வொரு பிள்ளையும் வருமானம். யார் ஏன் கூவுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் எது எதற்கு உதவும் என்று சொல்லமுடியும்.

ரீல்ஸையும் டிக்டொக்கையும் கண்ணைப் பிடிப்பதில் வெல்ல ஆளில்லை. ஹொஸ்டல் அறை, கென்டீன் சோறு, லெக்சர் ஹோல் என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்கள். வீட்டில் யாருமே கெம்பஸ் வாசல் மிதிக்காத பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. பயம் பாதி போய்விடும். ஆனால் காசு விவரம் அதில் வராது. வந்தாலும் மாதத் தவணை மட்டும் பெரிய எழுத்தில் வரும். எத்தனை மாதம், பதிவுக் கட்டணம் எவ்வளவு, பரீட்சைக் கட்டணம் வேறா, கொழும்பில் அறை வாடகை யார் கட்டுவது? ஒன்றும் இருக்காது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. "இந்தக் கோர்ஸுக்கு இவ்வளவு இசட் வேணும்" என்று யாரோ ஒரு அண்ணன் வீடியோவில் அடித்துச் சொல்வார். எந்த மாவட்டத்துக்கு என்று சொல்லமாட்டார். பல கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. கொழும்பு வெட்டுப்புள்ளியை, அதாவது அந்த மாவட்டத்தில் இடம் கிடைக்கும் ஆகக் குறைந்த இசட்டைக் கேட்டுவிட்டு "நமக்குக் கிடைக்காது" என்று நுவரெலியாப் பிள்ளை விண்ணப்பிக்காமல் விட்டால் யாரைக் குறை சொல்வது? மாவட்ட வாரியான வெட்டுப்புள்ளியை ஆணைக்குழுவே வெளியிடுகிறது. அதை ரீல்ஸாக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் இப்போது பிள்ளைகளை விட அப்பா அம்மாவுக்கும் சேர்மாருக்கும் (பாடசாலை ஆசிரியர்களுக்கும்) உரிய இடம். தனியாருக்கு இங்கே பெரிய ஆயுதம் அந்தப் படிவ விளம்பரம்: தொட்டால் கணக்கில் கொடுத்த பெயரும் நம்பரும் தானாக நிரம்பி நிற்கும், அனுப்பு என்று அழுத்தினால் முடிந்தது. நம்மவள் அக்காவின் ஃபோனில் ஃபேஸ்புக் பார்த்தபோது அழுத்திவிட்டாள். அடுத்த நாள் அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்று கோல். அந்தப் பக்கம் ஒரு மிஸ், வேகவேகமாகச் சிங்களம். அக்காவுக்குப் புரிந்தது "சனிக்கிழமை" என்பதும் "டிஸ்கவுண்ட்" என்பதும்தான். கூடை பாதிகூட நிரம்பாமல் கங்காணியிடம் பேச்சு வாங்கியது தனிக் கதை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளம்பரம் காட்ட வயதையும் இடத்தையும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மெட்டா நிறுவனம் 2023இல் கட்டுப்படுத்தியது உண்மை. ஏஎல் முடிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவர்கள். அந்த வேலி இவர்களுக்கு உதவாது.

அரச பக்கங்களின் குறை வேறு மாதிரி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி, கீழே இணையத்தள லிங்க். நம் பிள்ளைகள் பலர் போடுவது சோஷியல் மீடியா பேக்கேஜ். அதில் ஃபேஸ்புக் ஓடும், லிங்கைத் தொட்டால் வட்டம் சுற்றும். திகதியையும் தகைமையையும் படத்திலேயே தமிழில் போட்டால் ஒரு ரூபாய் செலவில்லாமல் வந்து சேரும்.

யூடியூப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டேட்டா தின்னும். ஆனால் ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்புவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்க அதுதான் வசதி. ஹட்டன் டவுனில் வைஃபை இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு வாட்ஸ்அப்புக்கு. பல்கலைக்கழகங்கள் நடத்தும் சேனலைச் சொல்லவில்லை. ஏஎல் பெட்ச் குரூப்பைச் சொல்கிறேன். சேர் ஒருவர், போன வருடம் கெம்பஸ் போன அக்கா ஒருவர் இருந்தால் போதும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ, யாழ்ப்பாணத்தில் இசை, நடனத்துக்கோ போக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், கடைசித் திகதியும் தனி. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது. இசட் புள்ளி கேட்பதில்லை, சமூக விஞ்ஞானத்தைத் தமிழிலேயே படிக்கலாம். இதெல்லாம் எங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்தது பேப்பர் விளம்பரத்தை யாரோ ஃபோட்டோ பிடித்து குரூப்பில் போட்டதால்தான். சந்தேகம் கேட்டால் தமிழில் வொய்ஸ் வரும். எந்த விளம்பரத்திலும் அது கிடைக்காது.

குரூப்பின் வியாதி பழைய அறிவித்தல். வருடத்தை வெட்டிவிட்டு மாதத்தை மட்டும் அனுப்புவார்கள். போன வருடக் கடைசித் திகதிக்கு இந்த வருடம் பதறுவோம். தனியார் பட்டம் என்றால், காசு கட்டுமுன் அது அங்கீகரிக்கப்பட்டதா என்று ஆணைக்குழுவின் பட்டியலில் பார்ப்பதையும் குரூப் செய்யாது, நாம்தான் செய்யவேண்டும்.

பதுளையில் 2005இல் வந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நம் மலையிலேயே இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் ரீல்ஸுக்கு ஒரு சதம் செலவழிக்கமாட்டேன். தோட்டத்திலிருந்து வந்து அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடித்து இரண்டு நிமிட வொய்ஸ், வருடத்தோடு திகதி போட்ட ஒரு படம், அதை நுவரெலியா, பதுளை ஏஎல் சேர்மார் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்.

நேற்று இரவு சேரிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது. படம் இன்னும் இறங்கவில்லை, மங்கலாகத்தான் தெரிகிறது, நடுவில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். விடிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போய்விட்டாள்.