ஒரு பல் போன இடத்தில் எதைக் கட்டுவது: பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா, கழற்றி மாட்டும் பல்லா?

கடைவாயில் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டால் எங்கள் தர்மபுரி பக்கம் நிறைய பேர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். களியை மெல்லவே வேண்டாம், கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கிவிடலாம் என்பதால் குறை தெரிவதில்லை. ஆனால் பக்கத்துப் பல் அந்தச் சந்துக்குள் சாய ஆரம்பிக்கும், எதிர்வரிசைப் பல் மெல்ல இறங்கி வரும், சில வருஷம் கழித்துக் கட்டப் போனால் இடமே இருக்காது. ஞானப்பல்லாக இருந்தால் விட்டுவிடலாம். மற்றதைப் பெரும்பாலும் கட்டிவிடுவதே நல்லது.

பிரிட்ஜ் என்றால் பல் போன இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, அவற்றுக்குக் கேப் என்னும் உறை செய்து, நடுவில் ஒரு பொய்ப்பல்லையும் சேர்த்து ஒரே துண்டாகச் சிமென்ட் வைத்துப் பொருத்துவது. சில தடவை போய் வந்தால் வேலை முடிந்துவிடும், கத்தி வைக்கிற வேலை இல்லை, செலவும் இம்ப்ளான்ட்டைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் இழைத்த எனாமல் திரும்ப வளராது. ஒரு பல்லுக்காக நல்லா இருக்கிற இரண்டு பல்லை இழைக்கிறோம் என்பது தெரிந்துதான் சம்மதிக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து, எலும்பு அதோடு பிணைய 3 முதல் 6 மாதம் காத்திருந்து, மேலே பல் வைப்பார்கள். ஸ்வீடனின் பிரோனேமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்த முறை, ஆகவே இது நேற்று வந்த சமாசாரம் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் பீடி, சிகரெட் விடாதவர்களும் இதில் யோசிக்க வேண்டும், திருகு எலும்பில் பிடிக்காமல் போகிற வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் கருத்து இதுதான்: இருபுறப் பல்லும் சொத்தை இல்லாமல் திடமாக இருந்தால் அதன்மேல் கை வைக்க விடாதீர்கள். பணம் சேரும்வரை கழற்றி மாட்டும் பல்லை வைத்துச் சமாளித்துக்கூட இம்ப்ளான்ட்டுக்குப் போகலாம். அந்தப் பற்கள் ஏற்கெனவே ரூட் கேனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுக்கும் சிகிச்சை) செய்து கேப்புக்குக் காத்திருப்பவை என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரிட்ஜ்தான் சரி.

நம் ஊருக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்கு, அதில் இருந்த அதிக ஃப்ளோரைடால் பல்லில் பழுப்புக் கறை உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது இந்திய அளவு. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே அந்தக் கறை எனாமலுக்குள் பதிந்துவிடுவதால் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் அத்தை முன்பல்லுக்குப் பிரிட்ஜ் போடும்போது இருப்பதிலேயே வெள்ளையான நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். இப்போது பழுப்பு வரிசைக்கு நடுவில் மூன்று பல் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்க, சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். பகல் வெளிச்சத்தில் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு நிறம் பாருங்கள், லேபில் லேசாகக் கறை நிறம் சேர்த்துக்கூடச் செய்து தருவார்கள். பல்லை இழைக்காமல் பின்பக்கம் ஒட்டும் மேரிலேண்ட் பிரிட்ஜ் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இப்படிக் கறை ஏறிய எனாமலில் பசை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கழற்றி மாட்டும் பல் மலிவு, எந்தப் பல்லையும் வெட்ட வேண்டாம். வரிசையின் கடைசிப் பற்கள் போய், பின்னால் பிடிக்கப் பல்லே இல்லாத வயதானவர்களுக்கு வழக்கமான பிரிட்ஜ் பொருந்தாது, இம்ப்ளான்ட் முடியாவிட்டால் இதுதான் வழி. இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். ஒற்றைப் பல் வைத்த சின்னதை மாட்டிக்கொண்டே தூங்கி விழுங்கிவிட்டவர்கள் உண்டு.

பராமரிப்பு பிரிட்ஜுக்குத்தான் அதிகம். பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சன்னமான இடைவெளி இருக்கும், கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் ஒரு கொட்டையைச் சப்பினால் நார் நேராக அதற்குள்தான் போய் உட்காரும், பிரஷ் அங்கே எட்டவே எட்டாது. அதற்கென்றே முனை விறைப்பாக உள்ள சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூல் கிடைக்கிறது. பக்கவாட்டில் நுழைத்து, பொய்ப்பல்லின் அடியில் முன்னும் பின்னும் இழுத்து, இருபுறக் கேப்பின் ஓரத்தையும் துடைக்க வேண்டும், தினமும் இரவில். பொய்ப்பல் சொத்தையாகாது, கேப்புக்குள் இருக்கும் உங்கள் சொந்தப் பல் ஆகும். ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலியும் தெரியாது, ஒரு நாள் கேப்போடு முறிந்து வரும்போதுதான் தெரியும். ஒரு தாங்கு பல் போனால் மொத்தப் பிரிட்ஜும் போச்சு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருஷம் ஓடும்.

கடிக்கும்போது பிரிட்ஜ் ஆடுகிறது, அல்லது அந்தப் பக்கம் மட்டும் நாற்றம் வருகிறது என்றால் அந்த வாரமே காட்டிவிடுங்கள். கழன்று கையோடு வந்துவிட்டால் ஃபெவிக்விக் வைத்து ஒட்டாதீர்கள், கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், உள்ளே பல் நன்றாக இருந்தால் பல சமயம் அதையே திரும்பச் சிமென்ட் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.