திட்ட ஆளில்லாத வரிசை

பதினான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போய் வந்தேன். சென்னை விமான நிலையத்தில் ஏறிய மெட்ரோ ரயில், எங்கும் மாறி ஏறத் தேவையின்றி, சர் தியாகராயா கல்லூரி நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை அந்தத் தடம் நீண்டதிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் சடங்கு எனக்கு ஒழிந்துவிட்டது. வீட்டில் தண்ணீர் வந்தது, மின்சாரம் இருந்தது, பல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் பார்த்தார். ஆகையால் அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்ல வந்தது, ஒரு திங்கட்கிழமை முற்பகல் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள வங்கிக் கிளையொன்றில் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நடந்ததை.

அம்மாவுக்கு வயது 79. அப்பா, 1996-இல் மூடப்பட்ட பி அண்டு சி மில்லில் தறி ஓட்டியவர். அவர் காலமான பிறகு வைப்புநிதி அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம். 2014-இல் குறைந்தபட்சத் தொகையை 1,000 ரூபாய் என்று வரையறுப்பதற்கு முன்னால் அதுவும் கிடையாது. நான் அனுப்பும் பணம் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அம்மா என் பணத்தைச் 'செலவுக்கு வர்றது' என்றும் அந்த ஆயிரத்தை 'அவரு பணம்' என்றும்தான் சொல்வார். பாஸ்புக்கில் அந்த வரி அச்சாகி வந்து, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தால்தான் பணம் வந்ததாக அவருக்குக் கணக்கு. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை அவர் நம்புவதில்லை, அதே எண்ணிலிருந்துதான் கடன் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

கிளையின் வாசலில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அம்மா மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, அதற்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, இயந்திரத்தின் வாய்க்குள் நுழைத்தார். இரண்டு முறை விழுங்கிய இயந்திரம் இரண்டு முறையும் துப்பியது. உள்ளே ஒட்டியிருந்த பார்கோடு தேய்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று ஒட்டினால் முடிகிற வேலை. ஆகவே உள்ளே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். சுவரோரம் நான்கு நாற்காலிகள் இருந்தன, நான்கிலும் என்னைவிட வயதில் குறைந்தவர்கள் உட்கார்ந்து, நான்கு கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கைப்பேசி யாரோ ஒருவர் பிரியாணி சாப்பிடும் காட்சியை முழுச் சத்தத்தோடு கூடம் முழுவதற்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அம்மா பாஸ்புக்கை உள்ளே தள்ளி, "தம்பி, இது மிசின்ல போவ மாட்டேங்குதுப்பா" என்றார். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையின் ஆட்காட்டி விரலை மட்டும் உயர்த்தி, வாசல் பக்கம் நீட்டினார். "அங்க போட்டுட்டுதான்பா வரேன்" என்று அம்மா மீண்டும் சொன்னார். விரல் மறுபடியும் உயர்ந்தது. மூன்றாவது முறை அம்மா வாயெடுக்கும் முன், "மேடம், நெக்ஸ்ட்" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்றவர் அம்மாவின் தோளுக்கு மேலாகத் தம் காசோலையை நீட்டிவிட்டார்.

அந்த விரலைப் பற்றி நான் இரண்டு வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் என் வீட்டாரே சிரிக்கிறார்கள். ஒரு மனிதருக்கு வேலைச் சுமை இருக்கலாம், தலைவலி இருக்கலாம். உண்மையில் என்னை உறுத்துவது அவரும் அல்லர், அவருடைய விரலும் அன்று. அந்தக் கூடத்தில் இருந்த முப்பது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான்.

இதே பேட்டையின் பழைய வங்கிகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பித்தளை டோக்கன், நூலில் கட்டிய பேனா, காய்ந்த பசைக் கிண்ணம், சலான் எழுதித் தரச் சொல்லி நம் கையைப் பிடிக்கும் கிழவிகள் எல்லாம் இருந்த அந்த இடத்தில் காசாளர் மிகுந்த பணிவோடு நடந்துகொண்டார் என்று யாரும் கதை கட்ட முடியாது. "அம்பத்தாறு! எம்மா அம்பத்தாறு! காது செவுடா?" என்று கத்துவார். ஆனால் கத்தும்போது அம்பத்தாறாம் எண்காரியின் முகத்தைப் பார்த்துக் கத்துவார். அவர் அளவுக்கு மீறினால் வரிசையில் நாலாவதாக நிற்கும் யாரோ ஒரு மூட்டை தூக்குபவர், "யோவ், பெரிய மன்சி நிக்குது, நீ பாட்டுக்கு இன்னா கூவிக்கினு கீற? எய்ந்து வந்து வாங்கிக்கோ" என்பார். உடனே பத்துக் குரல்கள் சேரும். காசாளர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வருவார். உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்து, "டேய், ஆயா நிக்குது, உனுக்கு இன்னா குந்திக்கினு?" என்று யாரேனும் கேட்டால் போதும், அவர்கள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுவார்கள். அவர்களுக்கு அந்தக் கிழவி யாரென்று தெரியாது, கேட்டவர் யாரென்றும் தெரியாது.

எங்கள் பேச்சை மரியாதை கெட்ட பேச்சென்று ஊரெல்லாம் கேலி செய்வது பழைய வழக்கம். பேமானி, பேஜார், கலீஜ் என்று உருதுவழி வந்த சொற்களையும், குருக்ஷேத்திரத்தில் கண்ணன் அர்ச்சுனனைக் கடிந்த முதல் வாக்கியத்திலேயே வரும் வடசொல்லின் பேரப்பிள்ளையான கஸ்மாலத்தையும் வைத்துக்கொண்டு எங்கள் பெரியவர்கள் ஓர் ஒழுங்கைக் காத்தார்கள். யாரை ஏசுவது, யாருக்காக ஏசுவது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. அப்பாவின் மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கு அதிகாரிகளின் ஏச்சும் அடியும்கூட ஒரு காரணம். மேலிருந்து கீழே விழும் ஏச்சைப் பொறுக்காத அதே ஆட்கள், பக்கத்தில் நிற்கும் கிழவிக்காக முன்பின் தெரியாத ஒருவனை ஏசத் தயங்கியதில்லை.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழும் சிங்கப்பூரில் மரியாதையை அரசாங்கமே 1979-இல் ஓர் இயக்கமாகத் தொடங்கியது. 1982-இல் சிங்கா என்றொரு சிங்கத்தை அதற்குச் சின்னமாக்கிச் சுவரொட்டிகளில் சிரிக்க விட்டார்கள். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காமல் எழுந்தால் 2021 செப்டம்பர் முதல் முதல்முறை எச்சரிக்கை, அடுத்த முறை அபராதம். அங்கே இருப்பவர்கள் பிறவியிலேயே பண்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு இடம் தமதென்று போகிறவர்கள்தாம் அவர்களும். அந்தச் சிங்கமே 2013-இல், கோபம் மிகுந்துபோன சமூகத்தைப் பார்த்துச் சலித்துவிட்டதாகக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் பதவி விலகியது. விளம்பர உத்திதான் என்றாலும் அன்று அதைப் படித்துச் சிரித்தோம். வண்ணாரப்பேட்டைக்குச் சிங்கம் எதுவும் இருந்ததில்லை, திட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் எப்போது விலகினார்கள் என்பது எனக்குத் தெரியவேயில்லை; கடிதம்கூட எழுதவில்லை.

நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். நான் முன்னே போய், "எக்ஸ்கியூஸ் மீ, அவங்க வயசானவங்க" என்றேன். சிங்கப்பூரில் பழகிய அதே தணிந்த குரலில், யாருக்கும் கேட்காதபடி. "சார், ப்ளீஸ் வெயிட் பண்ணுங்க" என்று பதில் வந்தது. தலை அப்போதும் நிமிரவில்லை. சார், மேடம், ப்ளீஸ் எல்லாம் குறைவில்லாமல் கிடைத்தன. பிறகு நான் சுவரில் ஒட்டியிருந்த கருத்துக் கேட்கும் க்யூஆர் கோடைப் படம் பிடித்துக்கொண்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனையில் நின்று அந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். எத்தனை நட்சத்திரம் என்ற கேள்வியில் இருந்தபோது காதருகே ஒரு குரல் வெடித்தது. "யோவ் நைனா, போன நோண்டிக்கினு குறுக்கால நின்னா யாவாரம் எப்டி ஆவும்? பெரிம்மாவ வெயில்ல நிக்க வெச்சிக்கினு உனுக்கு இன்னா ரோசன? நீ வாம்மா, இப்டி நெழல்ல குந்து." காசிமேட்டு மீனைக் கூடையில் பரப்பி வைத்திருந்த பெண்மணி, தாம் உட்கார்ந்திருந்த முக்காலியை அம்மா பக்கம் தள்ளிவிட்டு நின்றார். அவருக்கும் அறுபது வயதுக்குக் குறையாது. ஊருக்கு வந்த ஒன்பது நாளில் என்னைப் பார்த்துப் பேசப்பட்ட முதல் வார்த்தைகள் அவை என்று எனக்குத் தோன்றியது. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, விலை கேட்காமல் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். வீடு வரும்வரை அம்மா விரலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மீன் விலையில் நான் ஏமாந்ததைப் பற்றித்தான் பேசினார்.

பாஸ்புக் அச்சாகாமலேயே நான் விமானம் ஏறினேன். சென்ற வாரம் ஜூரோங் கிழக்கிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் இருந்தபோது அம்மா அழைத்தார். எதிர்வீட்டு அக்கா துணைக்கு வந்தாராம். விரல் உயர்ந்ததாம். அக்கா கவுன்டரைக் கையால் தட்டி, "இன்னா, வாயில கொயக்கட்டயா வெச்சிக்கினு கீற?" என்று தொடங்கியதும் அந்தப் பையன் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்து, எழுந்தே வந்து, பார்கோடு ஒட்டி, அவனே இயந்திரத்தில் போட்டுக் கொடுத்தானாம். "நல்ல புள்ளதான்டா, பாவம்" என்றார் அம்மா. பிறகு, கையில் இருக்கும் ஏழு பக்கத்தையும் படிக்கிறேன், சரியாக இருக்கிறதா பார் என்று, வைகாசியில் தொடங்கி ஒவ்வொரு மாதமாக, ஒவ்வோர் ஆயிரத்துச் சொச்சமாகப் படிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார். நானும் அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். கார்த்திகை வரை வந்தபோதுதான், எதிர் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த முதியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பதைக் கவனித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.