கவசத்துக்குப் பட்டுக் கயிறு வாங்குகிறவர்களே, கவனம்: எனக்கு 86,400 யென் போயிற்று

86,400 யென். தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நேற்று ராத்திரியிலிருந்து இது ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டு என்று சொல்லி ரேயானை, பட்டு மாதிரி மினுங்கும் செயற்கை இழையை, என் தலையில் கட்டிவிட்டார்கள். அதைக் கேட்கப் போன இடத்திலெல்லாம் மரியாதையாகப் பேசி, தலை குனிந்து வணங்கி, வாசலோடு அனுப்பிவைத்தார்கள். ஜப்பானில் இருந்துகொண்டு சாமுராய் கவசம் செய்யும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறவர்களும், ஊரிலிருந்தபடி இங்கே பொருள் வாங்கித் தரச் சொல்லி நண்பர்களைக் கேட்கிறவர்களும் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சாமுராய் கவசம் ஒரே இரும்புத் தகட்டில் அடித்தது கிடையாது. விரல் அகலமுள்ள சின்னச் சின்னத் தகடுகள், அதற்குக் கொசானே என்று பெயர். இரும்பிலும் கடினமாக்கிய தோலிலும் வெட்டி, துளை போட்டு, ஒன்றின் பாதியை அடுத்தது மறைக்கிற மாதிரி அடுக்கி, கீழ்த் துளைகளில் கட்டி ஒரு வரிசையாக்குவார்கள். அதன்மேல் உருஷி அரக்கு பூசுவார்கள். அப்புறம் வரிசைக்கு வரிசை பின்னல் கயிற்றால் தொங்கவிடுவார்கள், அந்தக் கயிறு கோர்க்கும் வேலைதான் ஒடோஷி. அதில் நான் எடுத்துக்கொண்டது கெபிகி முறை. துளை விடாமல் நெருக்கி நெருக்கிக் கோர்ப்பது. முடிந்தபின் தகடே தெரியாது, மேலே கயிறு மட்டும்தான் கண்ணில் படும். 16ஆம் நூற்றாண்டில் போர்கள் பெருகியபோது, இரண்டிரண்டு கயிறாக இடைவெளி விட்டுக் கோர்க்கும் சுகாகே முறை பரவியதற்குக் காரணமே, கெபிகி இவ்வளவு கயிற்றையும் நேரத்தையும் தின்பதுதான். ஆக, கெபிகி செய்கிறவருக்குக் கயிறுதான் கவசம். கயிறு போனால் எல்லாம் போச்சு.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது தோக்கியோவின் மேற்கே ஓமே நகரத்தில், மிதாகே மலை உச்சியிலுள்ள முசாஷி மிதாகே ஆலயத்தில். 12ஆம் நூற்றாண்டின் சிவப்புக் கயிற்றுக் கவசம் ஒன்று அங்கே இருக்கிறது, தேசியப் பொக்கிஷம். ஹதகேயாமா ஷிகெதாதா என்ற வீரர் காணிக்கையாகக் கொடுத்தது என்று சொல்வார்கள். மெய்ஜி காலத்தில், 1903இல், அதைப் பழுது பார்த்தபோது செயற்கைச் சாயமேற்றிய கயிறு சேர்த்தார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் புதுக் கயிறு வெளுத்துப்போயிருக்கிறது. மஞ்சிட்டி வகை வேரில், ஜப்பானியர் அகானே என்கிறார்களே, அதில் தோய்த்த எண்ணூறு வருஷத்துக் கயிறு இன்னும் சிவப்பாக நிற்கிறது! அந்தச் சிவப்பில் ஒரு ஜோடி தோள் கவசமாவது என் கையால் கோர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். எங்கள் பகுதி சமூக மையத்தில் கவசம் செய்யும் குழுவில் சேர்ந்தேன். தகடு வெட்டி, துளையிட்டு, அரக்கு பூசி, தேய்த்து, மறுபடி பூசி, அதற்கே ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. மிச்சமிருந்தது கயிறு.

புதிதாகப் பின்னிய பட்டுக் கயிறு என்ன விலை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். தனியாட்கள் தங்கள் பொருளைத் தனியாட்களுக்கே விற்கும் ஒரு கைபேசிச் செயலியில் இந்த விற்பனையைப் பார்த்தேன். மூடிவிட்ட பட்டறையின் மிச்சச் சரக்கு, இகா ஊர்ப் பின்னல், அசல் பட்டு, அகானே சாயம், அகலம் 8 மில்லிமீட்டர். 20 மீட்டர் கொண்ட கட்டு 7,200 யென், மொத்தம் 12 கட்டு. இகா பின்னல் கயிற்றுக்குப் பெயர் போன ஊர், மூடுகிற பட்டறைகளும் இங்கே உண்டு, அதனால் கதையில் நம்பாமலிருக்க ஒன்றுமில்லை.

அந்த ஆள் பேசிய விதம்தான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. "முதலில் ஒரு துண்டு அனுப்புகிறேன், எரித்துப் பாருங்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள்" என்று அவராகவே எழுதினார். துண்டு வந்தது, எரித்தேன், முடி கருகும் நாற்றம், நசுக்கினால் பொடியாகும் சாம்பல். சுத்தமான பட்டு. நான் கோர்ப்பது எத்தனை வரிசை, துளைக்குத் துளை என்ன தூரம் என்றெல்லாம் விசாரித்தார். கயிற்று நுனியில் பசை தடவிக் காயவிட்டால் ஊசி இல்லாமலே துளைக்குள் நுழையும் என்று யோசனை வேறு சொன்னார். தொழில் தெரிந்த மனிதர், பட்டறை மூடிய வருத்தத்தில் இருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பெட்டி வந்த அன்று மாலையே செய்தி. "சாயக்காரருக்குப் பாக்கி இருக்கிறது, இன்றே கொடுக்க வேண்டும், பொருள் கிடைத்ததும் பெற்றுக்கொண்டதாக அழுத்திவிட முடியுமா, தொந்தரவுக்கு மன்னிக்கவும்." இந்தச் செயலிகளில் வாங்கியவர் பெற்றுக்கொண்டேன் என்று மதிப்பிட்டால்தான் விற்றவருக்குப் பணம் போகும், அதுவரை செயலியே வைத்திருக்கும். பெட்டியைத் திறந்து 12 கட்டிலும் நுனியை வெட்டி எரித்துப் பார்த்தேன். பன்னிரண்டும் பட்டு. அகலம் சரி, நிறம் சரி. அழுத்தினேன். அந்த நொடியில் 86,400 யென் கைமாறியது.

கோர்க்க ஆரம்பித்து முதல் வரிசை அருமையாக வந்தது. இரண்டாவது வரிசை பாதியில் கயிறு கொஞ்சம் வழுக்கியது, இழுத்த இழுப்பில் நிற்கவில்லை, தகடு ஒரு பக்கம் தொய்ந்தது. கெபிகியில் ஒவ்வொரு கயிறும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் பக்கத்துக் கயிறு அதன்மேல் ஏறிக்கொள்ளும், வரிசை கோணிவிடும். அவிழ்த்துத் திரும்பக் கோர்த்தேன். மழைக்காலப் புழுக்கம், கை வியர்த்திருந்தது. கையைப் பார்த்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவப்பு. ஓரத்தில் கோர்த்திருந்த வெள்ளைப் பட்டு, அது தனியாக நல்ல இடத்தில் விலை கொடுத்து வாங்கியது, அதில் நான் தொட்ட இடமெல்லாம் ரோஸ் நிறத் திட்டு. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.

கட்டின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எரித்தேன். காகிதம் எரிகிற வாசனை. குப்பென்று பிடித்து எரிந்து சாம்பல் பறந்தது. ரேயான்! மற்ற கட்டுகளையும் பிரித்தேன். மேலே இரண்டு மூன்று சுற்று பட்டு, அதன் கடைசியில் உள்பக்கம் திருப்பி மெல்லிய நூலால் தைத்து, அங்கிருந்து உள்ளே முழுக்க ரேயான். ஒரே சிவப்பு, ஒரே பின்னல் மாதிரி, ஆனால் அருகருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ரேயானின் மினுமினுப்பு வேறு. தையல் போட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. இது தவறுதலாக நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 12 கட்டையும் ஒருவர் உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

அவருக்கு எழுதினேன். முதல் பதில்: "இயற்கைச் சாயம் என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும்." ரேயான் என்று படத்தோடு காட்டினேன். "நான் பட்டறையிலிருந்து வாங்கியதை அப்படியே அனுப்பினேன், எனக்குத் தெரியாது." தையல் படத்தை அனுப்பினேன். "மதிப்பீடு முடிந்துவிட்டதே, மிகவும் வருந்துகிறேன்." அதோடு சரி, அதன்பின் பதிலே இல்லை.

செயலியின் உதவிப் பிரிவு இதைவிட மோசம். இரு தரப்பும் மதிப்பிட்டு முடித்த பரிவர்த்தனையில் தலையிட இயலாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள். யாரிடம் பேச? மறுபடி எழுதினால் அதே வாசகம், வணக்கம் மட்டும் மாறியிருக்கிறது. மூன்றாவதாகப் பதில் எழுதியவர் பொருள் பட்டல்ல என்று ஓர் ஆய்வகத்தின் சான்று கேட்டார். சரி, எடுத்துத் தந்தால் பணம் வருமா என்று கேட்டேன், அதற்கு உறுதி தர இயலாதாம்!

188க்கு அழைத்தேன், நுகர்வோர் ஆலோசனை எண், நம் பகுதி மையத்துக்கு இணைப்பார்கள். பேசிய அம்மா ஒருவர்தான் இந்த முழுக் கதையிலும் பொறுமையாகக் கேட்டவர். ஆனால் விற்றவர் கடைக்காரர் இல்லை, தனியாள், அதனால் வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவரைப் பிடிக்காது. தபாலில் வாங்கும் பொருளுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை முதலிலேயே கிடையாது என்றார். பதிவுத் தபாலில் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம் என்றார். எந்த முகவரிக்கு? அனுப்புநர் பெயரும் முகவரியும் மறைத்து அனுப்பும் வசதியில்தான் பெட்டி வந்தது. இரண்டு பக்கமும் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதே வசதி. ஏமாற்றுகிறவனுக்குத்தான் பாதுகாப்பு. #9110 காவல்துறை ஆலோசனை எண், அங்கேயும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், பணத் தகராறு என்று பார்க்கிறார்கள் போல, இதுவரை ஒன்றுமில்லை.

குழுவில் எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், நான் கோர்த்த வரிசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவிழ்த்துவிடுங்கள் என்றார். ரேயான் ஈரமானால் வலுவிழக்கும், தொங்குகிற எடை தாங்காது. முதல் வரிசையில் இருப்பது பட்டு, அதையும் இரண்டாவதோடு சேர்த்து அவிழ்க்க வேண்டியதாயிற்று.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டை முழுக்கப் பிரியுங்கள். நுனியை மட்டும் எரித்துப் பார்ப்பது போதாது, நடுவிலும் வெட்டுங்கள், விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். பெற்றுக்கொண்டேன் என்று சீக்கிரம் அழுத்தச் சொல்கிறவரிடம் என்ன காரணம் சொன்னாலும் அழுத்தாதீர்கள், அதற்கென்று செயலி தருகிற நாட்களைக் கடைசிவரை பயன்படுத்துங்கள். பெரிய தொகை என்றால் முகவரி மறைத்து அனுப்புவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கட்டு வாங்கி, கோர்த்து முடித்துவிட்டு அடுத்த கட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இன்று காலை அதே செயலியில் வேறு பெயரில் அதே படம் மறுபடி வந்திருக்கிறது: பழைய மரப்பெட்டிக்குள் சிவப்புக் கட்டுகள், பெட்டியின் இடது மூலையில் சின்ன உடைசல், விலை கட்டுக்கு 7,200. புகார் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், இதை எழுதும்வரை நீக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தால் வாங்காதீர்கள், நீங்களும் புகார் கொடுங்கள். இதே ஆளிடம் ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போய்க் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், ஒருவராகப் போனால் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.