கேபிள் இணைப்புக்கு மழைக்கவர்: எது தாங்கும், எங்கே ஒழுகும்

இந்தக் கவர்களின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது ஐ.பி. எண், அதாவது தூசியையும் தண்ணீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்ற குறி. பொடி எழுத்தில், பெரும்பாலும் பின்பக்கத்தில், இன்னொரு எண் இருக்கும்: எத்தனை மி.மீ. முதல் எத்தனை மி.மீ. வரை தடிமனுள்ள கேபிளுக்கு என்று. முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். அது அச்சாகவே இல்லையென்றால் பொருளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

திறந்தவெளியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயரின் சாக்கெட்டும், அதில் செருகிய பிளக்கும் சேரும் இடத்தை மூடுவதற்கான பிளாஸ்டிக் பெட்டி இது. சிப்பி போல இரண்டு பாதி, நடுவே கீல், எதிர்ப்பக்கம் ஒன்றோ இரண்டோ கொக்கி, விளிம்பைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், இரு முனையிலும் கேபிள் வெளியேற ஒரு வாய். விளக்குச் சரம், பம்ப், கைக்கருவி என்று எதற்கும் பயன்படும். ஒயரை வெட்ட வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். இணைப்பை உள்ளே வைத்து மூடினால் போதும். இதன் வசதியும் அதுதான், பலவீனமும் அதுதான். பிளக்கைக் கழற்றாமலே கேபிள் உள்ளே போக வேண்டுமென்றால் வாயும் இரண்டாகப் பிளந்துதான் இருக்க வேண்டும். பிளந்த வாய் முழுசாக அடைபடுவது கஷ்டம்.

மூடி விளிம்பின் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் போவது அபூர்வம். அங்கே இரு பக்கமும் தட்டையான பரப்பு, கொக்கியின் அழுத்தம் பரவலாக விழுகிறது. ஒழுகுவது வாய். உருண்டையான 3 கோர் 1.5 சதுர மி.மீ. கேபிள் (உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் குறுக்குப் பரப்பும் 1.5 சதுர மி.மீ.) வெளியுறையோடு சுமார் 8 அல்லது 9 மி.மீ. தடிமன் வரும். ரப்பர் உறையுள்ள கனமான 2.5 சதுர மி.மீ. கேபிள் சுமார் 12 மி.மீ. வரும். அலங்கார விளக்குகளில் வரும் 2 கோர் தட்டை வயரோ சுமார் 3க்கு 5 மி.மீ. தான். மூன்றுக்கும் ஒரே வாய் பொருந்தும் என்று சொல்லும் பெட்டி எதற்கும் சரியாகப் பொருந்தாது. தட்டை வயர் இருந்தால் இரு ஓரத்திலும் முக்கோண இடைவெளி விழும்; தண்ணீருக்கு அது போதும். ஒரே வாயில் இரண்டு வயரைச் சேர்த்து நுழைத்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் ஓடை மாதிரி வேலை செய்யும். தடித்த கேபிளைத் திணித்தால் வாய் அடையும், ஆனால் அந்த முனையில் மூடி தூக்கிக்கொண்டு கேஸ்கெட் விலகிவிடும்.

கேபிளின் தடிமனை அளக்க வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நீளத்தை 3.14ஆல் வகுங்கள். 27 மி.மீ. நூல் என்றால் கேபிள் 8.6 மி.மீ. கவரில் 7 முதல் 10 மி.மீ. என்று போட்டிருந்தால் நல்ல பொருத்தம். 8.5 முதல் 13 என்று போட்டிருந்தால் வேண்டாம். வரம்பின் கீழ் விளிம்பில் ரப்பர் சும்மா தொட்டுக்கொண்டுதான் நிற்கும், அழுத்தாது.

வாய் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, சீப்புப் பல் போன்ற ரப்பர் விரல்கள். பல தடிமனுக்கும் வளைந்து கொடுக்கும், ஆனால் விரல்களுக்கு நடுவில் இடைவெளி உண்டு. சாரலை மட்டும் தடுக்கும், எறும்பைத் தடுக்காது. இரண்டாவது, மெத்தென்ற ஸ்பாஞ்ச் ரப்பர். புதிதில் மிக நன்றாக அடைக்கும். சில மாதம் அழுந்தியே இருந்தால் பள்ளம் அப்படியே தங்கிவிடும். அதற்குப் பிறகு வேறு மெல்லிய கேபிளுக்கு மாற்றினால் ஒழுகும். மூன்றாவது, படிப்படியான வளையங்கள் கொண்ட திட ரப்பர் அடைப்பான். நம் கேபிளின் அளவுக்கு உள்ள வளையம் வரை உரித்து எடுத்துவிட்டு, பக்கவாட்டுக் கீறல் வழியாக மாட்ட வேண்டும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் மூன்றில் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. கீறல் பக்கம் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.

இனி ஐ.பி. எண். ஐ.இ.சி. 60529 என்ற தரத்தின்படி முதல் இலக்கம் கம்பி, தூசி போன்ற திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 44 என்றால் 1 மி.மீ. கம்பி உள்ளே போகாது, எந்தப் பக்கமிருந்து சாரல் தெறித்தாலும் பாதிப்பில்லை. இரண்டாவது இலக்கம் 5 என்றால் 6.3 மி.மீ. குழல்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சிச் சோதித்திருக்கிறார்கள். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு: முங்கும் சோதனையில் தேறியது பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு சோதனை. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்ணும் சேர்த்தே அச்சிடுவார்கள். சிப்பிப் பெட்டியில், பிளந்த வாயோடு, ஐ.பி. 68 என்று யாராவது போட்டிருந்தால் எந்தக் கேபிளை வைத்து, எத்தனை ஆழத்தில், எத்தனை நேரம் என்று கேளுங்கள். 8 என்ற இலக்கத்துக்கு அந்த விவரத்தைத் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

அந்த எண்ணில் வெயிலுக்கு இடமில்லை. புதுப் பெட்டியைத் தண்ணீரில் சோதித்ததற்குத்தான் சான்று. கடும் வெயிலில் கிடந்து வெளுத்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் கொக்கி ஒரு நாள் திறக்கும்போது கையோடு வரும். கீல் தனி ஆணி இல்லாமல் பிளாஸ்டிக்கே மெலிந்து மடங்கும் வகை என்றால் பாலிபுரோப்பிலீன் நல்லது, அது மடிப்பைத் தாங்கும். கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்கும், ஆனால் வெயிலில் அதிகம் சூடாகும். பளிச்சென்ற நிறம் புல்வெளியில் காலில் தட்டாமல் கண்ணில் படும். நிழலில் வைக்க முடிந்தால் பளிச் நிறம், வெயிலில்தான் கிடக்கும் என்றால் கறுப்பு. தீப்பிடிக்கும் தன்மைக்கு யூ.எல். 94 குறியைப் பாருங்கள்: வி-0 தானாக அணையும் ரகம், எச்.பி. மெதுவாக எரிந்துகொண்டே போகலாம். மின் இணைப்பை மூடும் பெட்டிக்கு எச்.பி. போதாது.

உள்ளளவு பற்றி. பிளக்கையும் சாக்கெட்டையும் செருகிய நிலையில் நீளத்தையும், மிக அகலமான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிளக்கின் பின்னால் கேபிள் உடனே மடங்காமல் இரு பக்கமும் 2 செ.மீ. நேராகப் போக இடம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய பெரிய அடாப்டர் இந்த நீள்வடிவப் பெட்டிகளில் நுழையாது. அதற்கு டிஃபன் டப்பா போன்ற சதுரப் பெட்டி தனியாக வருகிறது. கொஞ்சம் அழுத்தினால் மூடுகிறதே என்று சமாளித்தால் கொக்கி இறுகி, நடுவில் மூடி வில்லாக வளைந்து மயிரிழை இடைவெளி விடும். நல்ல பெட்டியில் உள்ளே கேபிளைப் பிடிக்கும் முளைகள் இருக்கும். யாராவது வயரை இழுத்தால் பிளக் பாதி கழன்று நிற்பதை அவை தடுக்கும். மழையே இல்லாத இடத்தில்கூட இந்த ஒரு காரணத்துக்காகக் கவர் போடலாம்.

பாதி கழன்ற பிளக்கைப் பற்றிச் சொல்லக் காரணம் சூடு. பிளக்கின் உலோக முனையும் (பின்) சாக்கெட்டும் தொடும் இடத்தில் மின்தடை 20 மில்லி ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர் என்றால் 2 வாட் சூடு. திறந்த வெளியில் அது ஒன்றுமில்லை. அதே பிளக் தளர்ந்து 50 மில்லி ஓம் ஆகி, 16 ஆம்பியர் ஓடினால் 12.8 வாட். காற்றோட்டமே இல்லாத சின்னப் பெட்டிக்குள் இது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உலோகப் பின் கறுத்துப்போன பழைய பிளக்கைக் கவருக்குள் மறைத்து வைப்பது, மூடாமல் விடுவதைவிட மோசம். ஹீட்டர் போன்ற கனமான லோடு போட்டால் முதல் தடவை ஒரு மணி நேரம் ஓட்டி, மெயினை அணைத்துவிட்டுத் திறந்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை பொறுக்காத சூடு என்றால் பிளக்கையோ சாக்கெட்டையோ மாற்றியாக வேண்டும்.

"மழையே பெய்யவில்லை, உள்ளே தண்ணீர் நிற்கிறது" என்பது இந்தப் பொருளைப் பற்றி அடிக்கடி வரும் புகார். பெட்டி மூச்சு விடுவதுதான் காரணம். பகலில் 45 டிகிரிக்குச் சூடான உள்காற்று இரவில் 20 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட வெளியிலிருந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகப் படியும். சூடாக இருக்கும்போது சட்டென்று மழை விழுந்தால் வாயோரம் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். இறுக அடைக்கும் பெட்டியில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியும் கிடையாது. ஆக, மாதக்கணக்கில் வெளியே கிடக்கப் போகும் இணைப்புக்கு ஐ.பி. 44 பெட்டி, இறுகலான ஐ.பி. 67 பெட்டியைவிடச் சில இடங்களில் உலர்வாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தண்ணீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வு பொருத்திய மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது சில நாள் ஆறுதல். அது நிறைந்த பிறகு வெறும் பொட்டலம்தான். அடியில் துளை போடும் யோசனையும் உண்டு. போட்ட கணமே பெட்டியின் ஐ.பி. எண் செல்லாது, ஆகவே சாரல் மட்டும் படும் இடத்துக்கு மேல் அதைச் செய்யாதீர்கள்.

வைக்கும் விதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். தரையில் போடாமல் ஒரு ஜாண் உயரத்தில் தொங்கவிடுங்கள் அல்லது செங்கல்மேல் வையுங்கள். வாய்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். வானத்தைப் பார்த்த வாய் புனல்தான். இரு பக்கமும் கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் பெட்டியைவிட 10 செ.மீ. தாழ்ந்து, பிறகு மேலேறி நுழைய வேண்டும். கேபிள்மேல் வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும். இந்த வளைவு இல்லாமல் மேலிருந்து நேராக இறங்கும் கேபிள், எந்தக் கேஸ்கெட்டையும் சில நாளில் தோற்கடிக்கும்.

வாங்கியதும் சோதிக்க ஒரு வழி. கேபிள் இரண்டு முனையிலும் மின்சாரம் இல்லாதபடி கழற்றிவிடுங்கள். பிளக் இருக்கும் இடத்திலும் இரு வாயின் உள்பக்கத்திலும் டிஷ்யூ தாள் சுற்றி, மூடி, வைக்கப்போகும் நிலையிலேயே தொங்கவிட்டுப் பூவாளியால் 10 நிமிடம் ஊற்றுங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறந்தால் எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்பதே குற்றவாளியைக் காட்டும். வாயோரத் தாள் மட்டும் நனைந்தால் தடிமன் பொருத்தம் தவறு. நடுத்தாள் நனைந்து வாய்த்தாள் உலர்ந்திருந்தால் மூடி வளைந்திருக்கிறது, அல்லது கேஸ்கெட்டில் மணல் துகள் மாட்டியிருக்கிறது.

மாற்று வழிகளில், பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஈரத்தைச் சேமிக்கும் பை அது. சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை வெயிலில் இளகி வழியும். தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வேறு சாதி: இரண்டு மூன்று மடங்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேற்படியச் சுற்றி, இரு பக்கமும் கேபிள்மேல் 5 செ.மீ. வரை கொண்டுபோனால் நீர் புகாது. கழற்ற வெட்டத்தான் வேண்டும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் பிளக் இணைப்புக்கு ஒத்துவராது: பசை தடவிய 3:1 ட்யூப் 24 மி.மீ. வாங்கினால் 8 மி.மீ. வரைதான் சுருங்கும். கேபிளைப் பிடிக்கும் ட்யூப் பிளக்கைத் தாண்டாது, பிளக்கைத் தாண்டும் ட்யூப் கேபிளைப் பிடிக்காது. நிரந்தரமாக ஒட்டிய ஒயருக்கு அது அருமை. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடு காட்டி, இரு விளிம்பிலும் பசை வளையமாகப் பிதுங்கினால் வேலை சரி.

வருடம் முழுக்க வெளியே ஓடும் இணைப்பு என்றால் கவரே வேண்டாம் என்போம். ஐ.இ.சி. 60309 வகைத் தொழிற்சாலை பிளக்கையும் சாக்கெட்டையும் இரு முனையிலும் மாட்டிவிடுங்கள். 200 முதல் 250 வோல்ட்டுக்கு நீல நிறம். ஐ.பி. 67 ரகத்தில் திருகிப் பூட்டும் வளையம் உண்டு. இரண்டு பாகமும் 67 ஆக இருந்து, வளையத்தைக் கடைசி வரை திருகினால்தான் அந்த எண் செல்லும்.

எந்தக் கவர் போட்டாலும் சர்க்கியூட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். மழைநாளில் அது விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் பிளக்கைப் பிரித்துப் பாருங்கள். பின்னில் பச்சை படிந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றுங்கள். மேலே சொன்ன மில்லி ஓம் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பராமரிப்பு கொஞ்சம்தான். கேஸ்கெட்டை ஈரத்துணியால் துடையுங்கள். இ.பி.டி.எம். ரப்பருக்கு சிலிகோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ஊதிவிடும். சிலிகோன் ரப்பரே என்றால் சிலிகோன் கிரீஸும் ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் எழும்பி வந்தால் உயிர் இருக்கிறது, அப்படியே நின்றால் மாற்றும் நேரம். கேஸ்கெட்டும் வாய் அடைப்பானும் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் அன்றைக்குப் பெட்டியையே தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.