கடைவீட்டு மாடித் தரை: காசு பலாவ் மரத்துக்கு, பதித்தது பைன்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பழைய கடைவீடு. மாடியில் 450 சதுர அடிப் பலகைத் தரை, முழுக்கப் பலாவ் என்கிற கனத்த கடின மரம். கரையான் அரித்த பலகைகளை மாற்றி, தரை முழுவதையும் தேய்த்து, மூன்று கை (மூன்று பூச்சு) வார்னிஷ் அடித்துத் தருவதாக, வேலையை எடுத்த குத்தகையாளர் ஒப்புக்கொண்டார். பாதிப் பணம் முன்பணம். முடித்துக் கொடுத்த அன்று தரை பளபளவென்று இருந்தது. சில மாதங்களில் வார்னிஷ் தோல் தோலாக உரிய ஆரம்பித்தது. நாற்காலிக் கால் பட்ட இடத்தில் எல்லாம் குழி. கவனித்தால், குழி விழுந்தது புதிதாகப் போட்ட பலகைகளில் மட்டும்.

போட்டது பைன். கருஞ்சாயம் ஏற்றி வார்னிஷும் அடித்துவிட்டால் மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. கீழே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். பொய்க்கூரை இல்லாத கடைவீட்டில் மாடிப் பலகையின் அடிப்பக்கம் அப்படியே தெரியும். கறுத்துப்போன விட்டங்களுக்கு நடுவே புதுப் பலகைகள் வெளிர் மஞ்சளாக, வட்ட வட்ட முடிச்சுகளோடு கிடந்தன. அடியில் சாயம் பூசக்கூட மெனக்கெடவில்லை.

பைன் மட்டமான மரம் என்று சொல்லவில்லை. குளிர்நாடுகளில் பழைய வீடுகளின் தரையே அதுதான். ஆனால் மென்மரம், மருந்து ஏற்றாத பைன் நம் ஊர்க் கரையானுக்கு விருந்து. அதைப் பலாவ் விலைக்கு விற்றதுதான் மோசடி.

பலகை வந்து இறங்கியதும், சாயம் படுவதற்கு முன், தூக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம் உள்ள பலாவ் துண்டு 3 கிலோவுக்கு மேல் இருக்கும். அதே அளவுப் பைன் 2 கிலோவைத் தொட்டாலே அதிகம். நகத்தை அழுத்தினால் பைனில் தடம் விழும், பலாவ் மரத்தில் விழாது. விலைச்சீட்டில் ‘கடின மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரத்தின் பெயர், கனம், எத்தனை பலகை, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

வார்னிஷ் கணக்கும் இப்படித்தான். 450 சதுர அடி என்பது சுமார் 42 சதுர மீட்டர். பாலியூரித்தேன் தரை வார்னிஷ் ஒரு லிட்டர் ஒரு கைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். மூன்று கைக்கு 12, 13 லிட்டர் தேவை. அந்த வீட்டுக்கு வந்தது 5 லிட்டர் டின் ஒன்று. அதில் ஒரு கை ஒழுங்காக அடிக்கலாம், மீதி தின்னர்தான். காலி டின்களை எடுத்துப்போக விடாதீர்கள். இரண்டு பாகம் கலக்கும் வகை என்று விலை போட்டிருந்தால், கெட்டியாக்கும் திரவத்தின் டப்பாவும் கூடவே இருக்க வேண்டும்.

உரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. பழைய தரையில் வருஷக்கணக்காகத் தேய்த்த மெழுகு இருக்கும். அதை டர்ப்பன்டைன் போட்டுத் துடைத்தெடுக்காமல் மெஷினை ஓட்டினால், சூட்டில் இளகி மரத்துக்குள்ளேயே இறங்கும். அதன்மேல் எந்த வார்னிஷும் பிடிக்காது. முதல் கை காய்ந்த பிறகு 220ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்துத்தான் அடுத்த கை. மழை நாளில் எண்ணெய் வகைக்கு ஒரு முழு நாள் விடவேண்டும். மூன்று கையும் ஒரே நாளில் முடியும் என்று சொல்பவரை அப்போதே அனுப்பிவிடலாம்.

தேய்ப்பிலும் குறுக்குவழி நடந்திருந்தது. 40, 60, 80, 120 என்று உப்புத்தாளின் நம்பர் ஏறிப் போகவேண்டும். 40இல் இருந்து நேரே 120க்குத் தாவினால், 40 போட்ட கீறல் அப்படியே நிற்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது வார்னிஷுக்கு அடியில் வரி வரியாகத் தெரியும். ஆணித் தலைகளை முன்கூட்டியே 3 மி.மீ. உள்ளே தட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் கிழியும், தீப்பொறியும் பறக்கும். பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தேய்க்க விடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில்.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், விட்டத்தையோ பலகையையோ மாற்றும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று குத்தகையாளர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள், கட்டடம் உங்களுடையது.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: மரம் வந்து பார்த்த பிறகு ஒன்று, தேய்ப்பு முடிந்து வார்னிஷுக்கு முன் ஒன்று, கடைசித் தொகை தரை நன்றாக இறுகிய பிறகு. ஏமாந்துவிட்டால் முதலில் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை எடுக்கும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். விலைச்சீட்டு, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டின் படங்கள், அடியில் இருந்து எடுத்த படம் இவற்றோடு, போட்ட பலகையில் வெட்டிய ஒரு துண்டையும் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.